பருத்தி நாட்டில் கம்பளி

தமிழ்நாட்டின் சலவை அறிவு பருத்தியோடு வளர்ந்தது. உவர்மண்ணில் நனைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரைக் கல்லில் ஓங்கி அடித்து, கஞ்சியும் நீலமும் போட்டு, உச்சிவெயிலில் விரித்து உலர்த்தும் முறை பல தலைமுறைகளாகத் தேர்ந்து வந்த ஒரு தொழில்நுட்பம். வண்ணார் குடிகள் அதை எழுத்தில் வைக்கவில்லை, கையில் வைத்திருந்தார்கள். காரத்தில் வெந்த பருத்தி வெளுக்கும். நனைந்த பருத்தி காய்ந்த பருத்தியைவிட வலுவானது. ஆகவே கல்லடியைத் தாங்கும். வெயில் அதை மேலும் வெளுப்பாக்கும். காரம், கொதி, அடி, வெயில் என்ற இந்த நான்கில் ஒன்றுகூடக் கம்பளிக்கு ஆகாது. ஸ்வெட்டரைத் துவைக்கத் தெரியவில்லை என்று நம் வீட்டுப் பெண்களைக் குறைசொல்வது நியாயமில்லை. அவர்கள் கற்றது முழுவதும் சரி. அது வேறொரு இழைக்கு உரியது.

இந்தக் கட்டுரை கீரிப்பாறையை வைத்து அந்தச் சிக்கலைப் பார்க்கிறது. தோவாளை வட்டத்தில், தடிக்காரன்கோணம் தாண்டி, காளிகேசத்துக்குப் போகிற வழியில் இருக்கிற மலையடிவார ஊர். சுற்றிலும் ரப்பர். 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இங்கே உண்டு. கம்பளிக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஊட்டியின் குளிர் இங்கே கிடையாது. ஆனால் ரப்பர் மரம் விடியலுக்கு முன்னும் பின்னுமான நேரத்தில்தான் நன்றாகப் பால் கொடுக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றும், பாற்குழாய்களில் அழுத்தம் குறையும், வடிவது நின்றுபோகும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. மரமெல்லாம் பனி சொட்டும் நேரம் அது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. மலையடிவாரத்துக்கு அது கூடுதலாகவே கிடைக்கும். வெப்பமானியில் பெரிய எண்ணாகத் தெரியாத ஈரக்குளிர் இது. ஓர் அரைக்கைச் சட்டைக்கு மேல் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொள்வது பகட்டு இல்லை.

இன்னும் பல வழிகளில் கம்பளி இந்த மாவட்டத்து வீடுகளுக்கு வருகிறது. வடக்கே படையில் இருக்கிற மகன் விடுப்பில் வரும்போது கொண்டுவருவது, வெளிநாட்டில் செவிலியராக இருக்கிற மகளின் பெட்டியில் வருவது, கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் போனபோது வாங்கியது, பிள்ளை பிறந்த வீட்டுக்கு உறவினர் எடுத்துவருகிற குல்லாவும் காலுறையும். வருகிற கம்பளிகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருசில நாட்களே உடுத்தப்படுகின்றன. மற்ற நாட்களெல்லாம் அலமாரியில். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த ஊரில் கம்பளி துவைக்கிறபோது கெடுவதைவிட, உலராமல் மடித்து வைத்த நாட்களில் கெடுவதுதான் அதிகம் என்பது என் முடிவு. துவைப்பைப் பற்றி எவ்வளவோ அறிவுரைகள் கிடைக்கின்றன. அவை எல்லாம் வறண்ட குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

தோட்டத் தொழிலாளிக்கும் கம்பளிக்கும் உள்ள உறவு பழையது. இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் ஆனைமலையிலும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் முதுகில் கம்பளி இருந்தது. மழைக்கும் குளிருக்கும் அதுவே காப்பு. இலங்கையில் தோட்டத்துக்காரர்கள் கொடுத்த கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறியது என்பதையும் மறக்கக் கூடாது. சுதந்திர இந்தியாவில் 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் இதைத் தொட்டது. தொழிலாளிக்கு மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காப்பாகக் குடை, கம்பளிப் போர்வை, மழைச்சட்டை போன்றவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அது அளித்தது. ஒரு போர்வை சட்டத்தின் வாசகத்துக்குள் வந்ததென்றால், அதற்குப் பின்னால் எத்தனை பேர் நனைந்து நடுங்கியிருப்பார்கள்!

அந்தப் பழைய தோட்டக் கம்பளியை யாரும் சோப்புப் போட்டு அடிக்கடி துவைத்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆட்டு மயிரில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது. லனோலின் என்று மருந்துக்கடைக் களிம்புகளில் காண்கிறோமே, அதுதான். முரட்டுக் கம்பளியில் இந்த மெழுகு ஓரளவு தங்கியிருக்கும்வரை மழைநீர் மேலேயே உருண்டு ஓடும். தக்காணத்து இடையர்கள் தங்கள் கறுப்புக் கம்பளிக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி விறைப்பாக்கி, மழை தாங்கும்படி செய்தார்கள். காரச் சோப்பில் நாலு தரம் துவைத்தால் மெழுகும் போகும், பசையும் போகும். மிஞ்சுவது நீரை உறிஞ்சும் ஒரு பாரம். உதறுவது, தட்டுவது, நிழற்காற்றில் விரிப்பது என்பதுதான் அந்தக் கம்பளிக்குரிய பராமரிப்பு. இன்றும் அந்த வகைப் போர்வை யாரிடமாவது இருந்தால் அப்படியே செய்யலாம்.

நம் தென்மாவட்டங்களில் கம்பளி நெசவு வேரூன்றாததற்கு ஆடே காரணம். கீழக்கரிசல், வேம்பூர் என்று தெற்கே மேய்கிற செம்மறி இனங்கள் எல்லாம் இறைச்சிக்கு உரியவை. அவற்றின் உடம்பில் குட்டை மயிர்தான் உண்டு, நூற்கத்தக்க கம்பளி கிடையாது. தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருகிற இனம் நீலகிரிச் செம்மறி ஒன்றே. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு ஆடுகள் கலந்து உருவானது அது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காத்துவருகிறார்கள். ஆகவே கீரிப்பாறையில் கம்பளி என்பது எப்போதும் வெளியூரிலிருந்து வந்த பொருள். அதன் பழக்கவழக்கம் ஊருக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

முதலில் கையிலிருப்பது கம்பளிதானா என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் தமிழக நகரங்களின் சாலையோரம் திபெத்தியர்கள் கடைபோட்டு விற்கிற ஸ்வெட்டர்களும், ஜவுளிக்கடையில் தொங்குகிற குரங்குக் குல்லாக்களும் பெரும்பாலும் லூதியானாவின் பின்னலாடை ஆலைகளிலிருந்து வருபவை. அவற்றில் மிகப் பல அக்ரிலிக். அது பெட்ரோலியத்தின் பிள்ளை. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். உண்மையான கம்பளி தலைமயிர் கருகுகிற நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, விரலில் நசுங்கும் கரியாகும். அக்ரிலிக் உருகி, கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். அக்ரிலிக்குக்கு அந்துப்பூச்சி வராது, அது சுருங்காது, சீக்கிரம் உலரும். வெந்நீரும் சூடான இஸ்திரிப் பெட்டியும் படாமல் பார்த்தால் போதும். அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நித்தம் நனைகிற ஊரில், நித்தம் துவைக்க வேண்டிய பிள்ளை ஆடைக்கு அக்ரிலிக் நல்ல தெரிவு. கம்பளி என்று நினைத்து அதற்குக் கம்பளி விலை கொடுப்பதுதான் தவறு.

உண்மையான கம்பளியின் குணம் அதன் உடம்பில் இருக்கிறது. அது மயிர்; நம் தலைமுடியும் நகமும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அந்தக் கெரட்டின்தான் இதுவும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வோர் இழையின்மேலும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கிப் படிந்திருக்கும். காய்ந்த நிலையில் அவை அடங்கிக் கிடக்கும். தண்ணீரும் சூடும் காரமும் சேர்ந்தால் இழை ஊதிச் செதில்கள் எழும்பும். அந்த நேரத்தில் அடித்தாலோ கசக்கினாலோ, இழைகள் ஒரு திசையில் மட்டுமே நகர முடியும். எதிர்த்திசையில் செதில் தடுக்கும். இப்படி ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறுகி, மணிக்கட்டு வரை இருந்த கை ஒரு பிள்ளைக்குப் பொருந்துகிற அளவுக்கு வந்துவிடும். இந்த இறுக்கத்தை எந்த மருந்தாலும் அவிழ்க்க முடியாது. தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் சரியாகும் என்று சொல்வார்கள். ஆலையில் இழுத்துப் பின்னியதால் முதல் நனைப்பில் ஏற்படும் சிறு சுருக்கம் அப்படிச் சரியாகலாம், செதில் பின்னிய சுருக்கம் சரியாகாது. இயந்திரச் சலவைக்கு ஏற்றது என்று விற்கப்படும் கம்பளியில் செதில்களைக் குளோரினால் மழுக்கி மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் அது தாங்குகிறது.

சுருங்குவதற்கு வெந்நீரே காரணம் என்று பொதுவாக நம்புகிறோம். உண்மையில் அசைவுதான் பெரிய குற்றவாளி. மிதமான சூடுள்ள நீரில் அசையாமல் கிடக்கிற கம்பளிக்கு அதிக சேதமில்லை. குளிர்ந்த நீரில் வைத்து அலக்குகல்லில் நாலு அடி அடித்தால் போதும், அது முடிந்தது. வெளிநாட்டு அறிவுரைகள் எல்லாம் 30 டிகிரி வெதுவெதுப்பான நீர் என்று சொல்லும். அங்கே குழாயில் வருவது பனிநீர். அதனால் அப்படிச் சொல்கிறார்கள். நமக்குத் தொட்டியில் கிடக்கிற தண்ணீரே ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. இங்கே யாரும் கம்பளிக்காக அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டியதில்லை. சலவைக்கும் அலசலுக்கும் ஒரே தொட்டித் தண்ணீரை எடுத்தால் சூடு மாறுகிற அதிர்ச்சியும் இழைக்கு இருக்காது.

சோப்புத்தான் நாம் அதிகம் கோட்டைவிடும் இடம். பார் சோப்பும் சாதாரணச் சலவைத்தூளும் காரத்தன்மை கொண்டவை. கம்பளியின் புரதத்தைக் காரம் மெல்ல அரிக்கும், வெள்ளைக் கம்பளியைப் பழுப்பாக்கும். அதோடு இன்றைய சலவைத்தூள்கள் பலவற்றில் இரத்தக்கறை, முட்டைக்கறை போக்குவதற்காகப் புரதத்தைச் செரிக்கும் என்சைம் சேர்த்திருக்கிறார்கள். கம்பளியும் புரதம் என்பது அந்த என்சைமுக்குத் தெரியாது. பிளீச்சிங் பவுடரும் குளோரின் திரவமும் இன்னும் மோசம். செறிவான குளோரின் கரைசலில் போட்டால் கம்பளி கரைந்தே போகும், ஆய்வுக்கூடங்களில் கம்பளியைக் கண்டறிய அதைச் சோதனையாகவே செய்கிறார்கள். இதற்கெல்லாம் மாற்றாகக் கம்பளிக்கென்றே விற்கிற திரவச் சோப்பு உண்டு. அது கிடைக்காவிட்டால் நாட்டுமருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கலாம். அதன் நுரையில் காரம் கிடையாது, சற்றே புளிப்புத்தன்மைதான் உண்டு. கொட்டையை நீக்கி, தோலை இரவு ஊறவைத்துக் காய்ச்சி, நன்றாக வடிகட்டி எடுக்க வேண்டும். சக்கை இழைக்குள் சிக்கினால் எடுப்பது பாடு. வெளிர்நிற ஆடையில் மட்டும் பூந்திக்கொட்டையின் பழுப்பு ஏறக்கூடும், அதற்கு ஷாம்பூ ஒரு கரண்டி போதும். முடிக்கு ஆவது கம்பளிக்கும் ஆகும்.

துவைக்கிற முறையில் சொல்வதற்கு அதிகமில்லை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, நுரைத்தண்ணீரில் முக்கி, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது. தேய்க்கவும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். தூக்கும்போது இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்க வேண்டும். பருத்திக்கு நேர்மாறாக, நனைந்த கம்பளி வலுக் குறைந்தது, தன் பாரத்திலேயே நீண்டுவிடும். கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகரோ, எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் ஒட்டியிருக்கும் காரம் முறியும், செதில்கள் படியும். கீரிப்பாறைப் பக்கத்து ஓடைத் தண்ணீரில் சோப்பு எளிதாக நுரைக்கும், அலசினால் எளிதாகப் போகவும் செய்யும். கீழே கடலோரத்து உப்புக் கிணறுகளில்தான் சோப்பு திரிந்து பிசுபிசுப்பாக இழையில் ஒட்டும். அங்கே உள்ளவர்கள் மழைநீரைப் பிடித்துவைத்துக் கம்பளிக்கு எடுத்துக்கொள்வது நல்லது. கோட்டு, உள்ளே லைனிங் வைத்துத் தைத்த ஆடை ஆகியவற்றை வீட்டில் தொடாமல் டிரை கிளீனிங் கடைக்கே கொடுத்துவிட வேண்டும்.

ரப்பர் ஊருக்கே உரிய ஒரு விஷயம் பால்கறை. ரப்பர் பாலைக் கெட்டியாக்கிச் சீட் அடிப்பதற்குப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். கெட்டியாகாமல் நீர்மமாகவே வைத்திருக்க அம்மோனியா சேர்க்கிறோம். அமிலம் பாலை உறையவைக்கும், காரம் உறையாமல் காக்கும். கம்பளிக்கோ அமிலம் நண்பன், காரம் பகை. கம்பளிக்குச் சாயம் ஏற்றுகிற ஆலைகளில் இதே பார்மிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பால் தெறித்த ஸ்வெட்டரில் இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கறை ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீரை விட்டு விட்டு அலசி, வெள்ளை முழுவதும் போனபிறகே வினிகர் அலசலுக்கு வர வேண்டும். முதலிலேயே வினிகரையோ எலுமிச்சையையோ ஊற்றினால் பால் அந்த இடத்திலேயே சீட்டாகிவிடும். காய்ந்து ஒட்டுப்பாலாகிப் போனதை நகத்தால் மெல்ல உரித்து, மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட பஞ்சால் நனைத்து நனைத்து எடுக்கலாம். கரைப்பான்கள் கம்பளியைக் கெடுப்பதில்லை, ஆனால் அடுப்புக்கு அருகில் இந்த வேலை கூடாது. முழுவதும் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: சீட் அடிக்க வைத்திருக்கிற அமிலக் கேனை, கம்பளிக்கு நல்லது என்று யாரும் சலவைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கும், கண்ணைக் கெடுக்கும். சமையலறை வினிகர் ஒரு கரண்டிக்கு மேல் இந்த வேலைக்குத் தேவையில்லை.

இனி உலர்த்தல். கீரிப்பாறைக்காரர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். அலசிய கம்பளியை விரித்த துவர்த்தின்மேல் (துண்டின்மேல்) வைத்து, துவர்த்தோடு சேர்த்துப் பாயாகச் சுருட்டி, மேலே அமுக்கி நீரை எடுக்க வேண்டும். துவர்த்தை மாற்றி இன்னொரு தரம். பிறகு கொடியில் தொங்கவிடாமல், படுக்கைவாக்கில் உலர்த்த வேண்டும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதுபோல் வேறில்லை; மேலும் கீழும் காற்றுப் போகும். பிள்ளை ஸ்வெட்டருக்குப் பெரிய சொளவு (முறம்) ஒன்றே போதும். நேர்வெயில் வேண்டாம், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கம்பளியை மஞ்சளாக்கி இழையைத் தளர்த்தும். அடுப்பின் மேலும் வேண்டாம். புகைக்கூடத்தில் ரப்பர் சீட் உலர்வதைப் பார்த்து அந்தச் சூட்டுக்கு ஆசைப்படலாம், ஆனால் புகைநாற்றம் கம்பளியைவிட்டுப் போகவே போகாது.

சிக்கல் என்னவென்றால், கம்பளி தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாத பொருள். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை இழைக்குள் வாங்கிக்கொண்டும் அது காய்ந்ததுபோலவே இருக்கும். ஈரக்காற்றில் அதைப் போட்டால் கதகதப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம். நீராவியை உள்ளே வாங்கும்போது இழை சிறிது வெப்பத்தை வெளியிடுகிறது. உடுத்துகிறவருக்கு அது வரம். அலமாரிக்கு அது கேடு. காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காடு நிற்கிற ஆனி ஆடிச் சாரலில், அல்லது ஐப்பசி கார்த்திகை அடைமழையில், 400 கிராம் எடையுள்ள ஸ்வெட்டர் ஒன்று எத்தனை நாள் விரித்துவைத்தாலும் 90 கிராம் அளவுக்குத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டேதான் இருக்கும். கை அதைக் காய்ந்தது என்று சொல்லும். மடித்து உள்ளே வைத்தால் வியர்வையும் எண்ணெயும் மிஞ்சிய மடிப்புகளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மழைமாதங்களில் முழுச்சலவையே வேண்டாம் என்பது என் பரிந்துரை. அந்த நாட்களில் உடுத்திய கம்பளியை உதறி, இரவு காற்றோட்டமாக விரித்து, கறைபட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பருத்திச் சட்டைக்கு மேல் அணிகிற கம்பளி அவ்வளவு சீக்கிரம் அழுக்காவதும் இல்லை, நாறுவதும் இல்லை. தை, மாசி மாதங்களின் வறண்ட காற்றுக்குக் காத்திருந்து, வீட்டிலுள்ள கம்பளிகளை எல்லாம் அப்போது துவைத்து, இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு உள்ளே வைப்பதே இந்த ஊருக்கு ஏற்ற நாட்காட்டி.

உள்ளே வைத்தபின் காத்திருப்பது அந்துப்பூச்சி. கெரட்டினைச் செரிக்கும் வல்லமை உள்ள மிகச் சில உயிர்களில் அதன் புழு ஒன்று. பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை; துளைபோடுவது புழுவே. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் அதன் வளர்ச்சி தளரும். 25 டிகிரிக்கு மேல் சூடும் 70, 75 விழுக்காடு ஈரமும் அதற்குப் பிடித்த சூழல். அதாவது, நம் வீட்டு அலமாரியின் உள்பக்கம், ஆண்டு முழுவதும். இருட்டான, அசையாத இடத்தில், வியர்வையோ எண்ணெயோ சோற்றுக்கறையோ பட்ட பகுதியை முதலில் தின்னும். எனவே ஒருமுறை உடுத்தியதாக இருந்தாலும், நெடுநாள் வைப்பதற்கு முன் துவைத்தே வைக்க வேண்டும். துவைத்ததைப் பாலித்தீனில் இறுக்கிக் கட்டாமல் பழைய வேட்டித்துணியிலோ தலையணை உறையிலோ சுற்றி வைக்கலாம். ஈரத்தை உறிஞ்ச அலமாரியில் சுண்ணாம்புக் கிண்ணம் வைப்பவர்கள் உண்டு; வைக்கலாம், ஆனால் சுண்ணாம்பு கடுமையான காரம், கம்பளியில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

வேப்பிலை, வசம்பு, கிராம்பு ஆகியவை பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது, அதன் மணத்தில் யூஜினால் நிறைந்திருக்கிறது, பூச்சிக்கு அது பிடிக்காது என்பதெல்லாம் உண்மை. மணம் கனமாக நிற்கிற மூடிய டிரங்குப்பெட்டியில் அது ஓரளவு உதவும். திறந்து மூடுகிற அலமாரியில் சில வாரங்களில் மணம் போய்விடும். முட்டையையும் புழுவையும் அது கொல்லாது. மாதம் ஒருமுறை எடுத்து உதறி வெளிச்சத்தில் விரிப்பது இவை அனைத்தையும்விடப் பயன் தரும், செலவும் இல்லை. துளை கண்டால், ஆடையைப் பையில் இறுகக் கட்டி, ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். அந்தப் பெட்டி ஐஸ்கிரீமைக் கல்லாக வைத்திருக்கும் அளவு குளிர வேண்டும். எடுத்தபின் பையைத் திறக்காமல் அறைச்சூட்டுக்கு வரவிட்டால் நீர் கோக்காது.

அந்துருண்டை மட்டும் தனியாகப் பேச வேண்டியது. வெள்ளை உருண்டைகளில் இருப்பது நாஃப்தலீன். அது நேரடியாக ஆவியாகி இழைக்குள் புகுந்து தங்கும், நம் வெப்பத்தில் இன்னும் வேகமாக. பெரியவர்களுக்குத் தலைவலியோடு போகலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை. இந்தக் குறை ஆண் குழந்தைகளிடம் கூடுதலாக வரும். இந்தியாவில் சில சமூகங்களில், குறிப்பாகப் பழங்குடி மக்கள் பலரிடையே, அதிகம் காணப்படுகிறது. அத்தகைய குழந்தையை அந்துருண்டையோடு கிடந்த கம்பளியில் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம், மூளையையே தாக்கலாம். இப்படி நேர்ந்தவை மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மூத்த பிள்ளையின் குல்லாவையும் ஸ்வெட்டரையும் அடுத்த பிள்ளைக்கு எடுத்துவைப்பது நம் வீடுகளின் நல்ல வழக்கம். அவற்றின் பெட்டியில் அந்துருண்டை போடவே கூடாது. ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால், ஒரு நாள் வெளியே காயவைத்து உடுத்திவிடாமல், துவைத்து, நாற்றம் முற்றிலும் போகும்வரை பல நாள் காற்றில் கிடக்கவிட வேண்டும். நாற்றம் கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த ஆடை கைக்குழந்தைக்கு வேண்டாம். பிறந்த சில நாட்களில் குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளித்து, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். போனதும், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்த துணியில் சுற்றியிருந்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.